பாதித் தாளில் போட்ட பேலன்

1

போன மாதம் என் மகள் கயல்விழிக்கு ஐந்து வயது நிறைந்தது. என்னோடு வேலை செய்யும் மார்கரெட் அவளுக்காக நீலக் கம்பளி நூலில் ஒரு மேற்சட்டை பின்னிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். சில வாரங்களுக்கு முன்பே, "உன் பெண்ணின் தோள் எவ்வளவு அகலம் இருக்கும்?" என்று கேட்டிருந்தாள். நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவள் அந்த இடைவெளியை அளவுகோலால் அளந்து குறித்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் அளவெடுத்துப் பிழைப்பவர்கள். அவளுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை.

நான் காட்டியது விழுப்புரத்தில் கடைசியாகத் தொட்ட தோள். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. என் மகள் இந்த நாட்டிலேயே இல்லை. அதை அதுவரை மார்கரெட்டிடம் நான் சொன்னதில்லை. பொய்யும் சொன்னதில்லை என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். "எப்படி இருக்கிறாள்?" என்றால் "நன்றாக இருக்கிறாள்" என்பேன். "வளர்ந்திருப்பாளே" என்றால் "ஆமாம்" என்பேன். இரண்டும் உண்மைதான். அவளை எங்கே விட்டிருக்கிறேன் என்று கம்பெனியில் யாரும் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் நல்லது என்று இருந்துவிட்டேன்.

சீமை வாழ்க்கையைப் பற்றி நம் பெண்கள் படிக்கும்படி ஏதாவது எழுதுங்கள் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டு நாளாகிறது. பனியைப் பற்றியும், பாதாள ரயிலைப் பற்றியும், கறிவேப்பிலை கிடைக்காததைப் பற்றியும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு பக்கம்கூட நகரவில்லை. மேற்சட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

2

நான் பிறந்து வளர்ந்தது திண்டிவனம். அப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அம்மா இல்லாத வீடு. நானும் தங்கை விஜயாவும் அப்பாவின் கரும்பலகை பார்த்தே வளர்ந்தோம். சென்னையில் விடுதியில் தங்கி பௌதிகம் படித்தேன். வாழ்க்கைப்பட்டது விழுப்புரத்தில். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் வீடு. என் மூத்தாருக்கு, அதாவது கணவரின் அண்ணனுக்கு, மல்லாட்டை மண்டி; நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. என் கணவருக்கு இங்கே சீமையில் ஒரு மோட்டார் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்துவிட்டார். கயல்விழியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன்.

கப்பல்களுக்கு ஏரியல் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு தெரிந்த பெண் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. சும்மா எழுதிப் போட்டேன். கூப்பிட்டார்கள். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அப்படித்தான் பேலன் என் வாழ்க்கைக்குள் வந்தது.

அது என்ன என்று சொல்ல வேண்டும். ரேடியோ அலையைக் கொண்டுபோகிற கேபிளில் நடுவே ஒரு கம்பி, சுற்றிலும் ஒரு உறை. உறை பூமியோடு சேர்ந்தது. மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் கம்பிக்கு மட்டும்தான். ஆனால் ஏரியலுக்கோ இரண்டு கைகள். ஒரு கை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு மற்ற கை இறங்க வேண்டும். கேபிளை அப்படியே கொண்டுபோய் ஏரியலில் மாட்டினால் ஒரு கைக்கு அதிகம் போகும், ஒரு கைக்குக் குறைவாகப் போகும், மீதி உறையின் வெளிப்புறத்தில் வழிந்து வீணாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று சமமாகப் பிரித்துக் கொடுக்கிற சின்ன அமைப்புதான் பேலன். முன்பெல்லாம் குழாய்க்குள் குழாய் வைத்துச் செய்வார்கள். இப்போது தட்டையான அட்டையில் செம்புப் பட்டைகளாகவே செய்துவிடுகிறார்கள். பட்டை எவ்வளவு அகலம், இரண்டு பட்டைகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு நீளம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அட்டையில் செய்துவிட்டுத் தப்பென்று தெரிந்தால் செலவு. அதனால் முதலில் தாளில் செய்து பார்ப்போம். கரி பூசிய ஒருவகைத் தாள் இருக்கிறது. அதில் மெல்ல மின்சாரம் ஓடும். பட்டைகளைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியுமோ அந்த உருவத்தைப் பலமடங்கு பெரிதாக்கி, வெள்ளிச் சாயத்தால் அந்தத் தாளில் தீட்ட வேண்டும். பாட்டரியை இணைத்து மீட்டரில் தடையை அளந்தால், நிஜமான பட்டை எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டுவிடலாம். அடுத்த கட்டிடத்தில் அறை நிறைய ஒரு கணக்கு இயந்திரம் இருக்கிறது. துளை போட்ட நாடாவைக் கொடுத்தால் அதுவும் விடை சொல்லும். ஆனாலும் எங்கள் தலைவர் மிஸ்டர் டாசன் தாளையும் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். விடை சரியாக வந்தால் சிவப்புப் படலத்தில் பிளேடால் உருவத்தை வெட்டி உரித்து, போட்டோ பிடித்துச் சுருக்கி, செம்பில் அரித்து எடுப்பார்கள்.

எனக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று. எவ்வளவு பிடித்தது என்று சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. மீட்டர் முள் நான் எதிர்பார்த்த இடத்தில் வந்து நிற்கும்போது வரும் சந்தோஷத்தை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். கரித்தாள் விலை கூடியது. இரண்டு பட்டைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தால் முழு உருவமும் தீட்ட வேண்டியதில்லை. நடுக்கோட்டில் தாளை வெட்டிவிட்டுப் பாதியை மட்டும் தீட்டி அளந்தால் போதும், மறுபாதியும் அதேதான். புத்தகத்திலேயே உள்ள வழி. எங்கள் அறையில் அதைத் தவறாமல் செய்தவள் நான்தான். பென்சிலைக் கட்டைவிரல் நீளம் வரும்வரை எழுதுகிற வீட்டில் வளர்ந்தவள். மிச்சமான பாதித் தாள்களை அடுக்கி அடுக்கி வைத்திருப்பேன். மார்கரெட் சிரிப்பாள். டாசன் ஒருமுறை அந்த அடுக்கைப் பார்த்துவிட்டு "பிரமாதம்" என்றார். அன்று முழுக்க அந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

3

விஜயாவின் கல்யாணத்துக்காக நானும் கயல்விழியும் மட்டும் ஊருக்கு வந்தோம். இவருக்கு லீவு இல்லை. அப்போது ஒரு பேலன் பாதியில் நின்றிருந்தது. வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில், "தாள் வேலையை ஊரிலேயே முடித்துக் கொண்டுவருகிறேன்" என்று நானாகவே டாசனிடம் சொன்னேன். கரித்தாள் சுருள், வெள்ளிச் சாயப் புட்டி, சின்ன மீட்டர் எல்லாம் டிரங்குப் பெட்டியில் வந்தன. சென்னைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி புட்டியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"வெள்ளியாமா இது?"

"வெள்ளிச் சாயங்க."

"சாயம்னா, உள்ள வெள்ளி இருக்குதா இல்லியா?"

"தூளா கொஞ்சம் இருக்கும்."

"அப்ப வெள்ளிதான். இன்னாத்துக்கு, கொலுசு பண்ணவா?"

பேலன் என்று விளக்கப் பார்த்தேன். பின்னால் நின்ற கூட்டம் முணுமுணுத்தது. கடைசியில் பெரிய அதிகாரி வந்து, பெண்பிள்ளை, குழந்தை தூங்கி வழிகிறது, போகட்டும் என்று விட்டுவிட்டார். கயல்விழி தூங்கி வழிந்ததால்தான் அந்தப் புட்டி ஊருக்குள் வந்தது.

கல்யாணம் திண்டிவனத்தில் நல்லபடி நடந்தது. பிறகு விழுப்புரம் வந்து, மாடி அறையில் ஒரு பெஞ்சின்மேல் தாளை விரித்தேன். ஐப்பசி மழை. ஈரக் காற்றில் கரித்தாளின் தடை ஏறி இறங்கியது. காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. ஒவ்வொரு தடவையும் அதே தாளிலிருந்து ஒரு சதுரம் வெட்டி அளந்து, அதோடு ஒப்பிட்டுக் கணக்கைத் திருத்த வேண்டியிருந்தது.

மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி மங்கை அக்கா காபி எடுத்துக்கொண்டு வருவாள்.

"இன்னா புள்ள, சீமையில வெள்ளத் தாளு கெடைக்கலியா? கரித்தாளுல எழுதிக்கினு இருக்க."

"இதுதான்க்கா வேலை. பேலன்."

"பலூனா? அத்த ஊதணும். நீ பெயின்ட் அடிச்சிக்கினு இருக்கற."

மூத்தார் ஒருநாள் வாசற்படியில் நின்றபடி விசாரித்தார். சமமாகப் பிரிக்கிற சாமான் என்று சொன்னேன்.

"அப்ப எங்க மண்டித் தராசு மாதிரின்னு சொல்லு."

"கிட்டத்தட்ட அப்படித்தான் மாமா."

"அதுக்கு எதுக்கும்மா காலேஜ் படிப்பு? என்னைக் கூப்பிட்டிருந்தா நானே போயிருப்பேனே. குளிருக்கு ரெண்டு சால்வைய எடுத்துக்கினு."

"நீங்க போட்டா தராசு எந்தப் பக்கம் சாயும்னு ஊருக்கே தெரியும்" என்றாள் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

கயல்விழிக்கு அந்த வீட்டில் யாருடைய பேச்சும் பிடிபடவில்லை. இங்கே வீட்டுக்காரம்மாவிடம் வளர்ந்தவள். என்னிடமே இங்கிலீஷில்தான் பேசுவாள். அக்காவின் மூன்று பையன்களும் அவளை வேடிக்கை பார்த்தார்கள். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மாடியிலேயே இருந்தாள்.

ஒரு பிற்பகல், மூன்று நாள் வேலை முடிந்து, கடைசி அளவு மட்டும் பாக்கி. கீழே தபால்காரர் கூப்பிட்டார் என்று இறங்கிப் போனேன். திரும்பி வந்தால் நான் தீட்டிய பட்டைக்கும் பாதித் தாளின் வெட்டிய ஓரத்துக்கும் நடுவில் வெள்ளிச் சாயம் வளைந்து வளைந்து ஓடுகிறது. "மம்மி, ஆறு வரைஞ்சிருக்கேன், பாலமும் போடப் போறேன்" என்று கயல்விழி இங்கிலீஷில் சொன்னாள். நான் அவள் கையில் அடித்தேன். ஒரு அடியோடு நிறுத்தவில்லை. அவள் அழவில்லை. கையைப் பார்த்தாள். சத்தம் கேட்டு அக்கா மேலே வந்தாள். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வா, மண்ணெண்ணெ தொட்டுத் தொடச்சா போயிடும்" என்று கீழே போய்விட்டாள். நான் தாளைப் பார்த்தபடி நின்றேன். அந்த நேரத்தில் என் கவலையெல்லாம் அந்தத் தாளைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான்.

அன்று சாயங்காலம் அக்கா கயல்விழிக்கு எண்ணெய் தடவித் தலை வாரிக்கொண்டே சொன்னாள்.

"ஒன்னு சொல்றேன், தப்பா நெனைக்காத. புள்ளய இங்க உட்டுட்டுப் போ. அந்த வேலைய முடிச்சிக்கினு வந்து இட்டுக்கினு போயேன். எனக்கு மூணும் பசங்க. ஒரு பொட்டப் புள்ள தலையில சீப்பு வைக்க எனக்குக் கொடுத்து வைக்கல."

"சே, அது எப்படிக்கா" என்றேன்.

நான் வாயால் சொன்னது அதுதான். ஆனால் அதற்கு முன்னாலேயே ஒரு எண்ணம் மனதில் வந்துபோய்விட்டது. வீட்டுக்காரம்மா வீட்டு வாசலில் தினமும் அவளை விடும்போது கேட்கும் அழுகை இருக்காது. காய்ச்சல் என்று லீவு கேட்க வேண்டாம். காலை முழுக்க தாள் என்னுடையது. அந்த எண்ணம் பாரமாக வரவில்லை. சுமையை இறக்கி வைத்த மாதிரி வந்தது. இதை எழுதும்போதும் என் காது சுடுகிறது.

4

அக்கா சொன்னதை இவருக்கு எழுதினேன். "உன் இஷ்டம்" என்று பதில் வந்தது. அந்த இரண்டு சொல்லையும் பலவிதமாகப் படித்துப் பார்த்தேன்.

திண்டிவனத்துக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "குழந்தைக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். மறுவீட்டுக்கு வந்திருந்த விஜயாதான் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, உனக்கு வேலையில அவ்ளோ ஆசையா?"

"ஆசைன்னு இல்லடி. பொறுப்பு. பாதியில விட முடியுமா?"

"எனக்கு இப்பிடி ஒன்னு கெடைச்சா நானும் போவேன், போ" என்றாள். அவள் குரலில் பொறாமைகூட இருந்தது. ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

ஆறு மாதம் என்று முடிவானது. நான் கிளம்பும் அன்று குழந்தை அழுது ஆர்ப்பாட்டம் செய்யக் கூடாது என்று, மூத்தார் அவளையும் பையன்களையும் காலையிலேயே பனமலைக்கு அழைத்துப் போய்விட்டார். அங்கே அவர்களுக்கு நிலம் இருக்கிறது. ஏரியைக் காட்டுகிறேன் என்று சொல்லி வாடகைக் காரில் ஏற்றினார். நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். வண்டி தெருமுனை திரும்பும்வரை கயல்விழி என்னைப் பார்த்துக் கையாட்டினாள். சாயங்காலம் திரும்பி வந்து என்னிடம் ஏரியைப் பற்றிச் சொல்லப் போகிறவள் போல ஆட்டினாள். நான் பகல் வண்டியில் சென்னைக்கு ஏறினேன்.

இங்கே கப்பலிலிருந்து இறங்கியதும் குடியேற்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். குழந்தையின் பெயரும் அதில்தான் இருந்தது.

"குழந்தை எங்கே?"

"இந்தியாவில். ஆறு மாதம் உறவினர் வீட்டில் இருப்பாள்."

அவர் என் பின்னால் ஒருமுறை பார்த்தார். குழந்தை எங்காவது ஒளிந்திருக்குமோ என்பது போல. பிறகு முத்திரை குத்தி, "அடுத்தவர்" என்றார். இந்த நாட்டில் அந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

5

விழுப்புரத்தில் மறுபடியும் தீட்டி அளந்து கொண்டுவந்த கணக்கை டாசனிடம் கொடுத்தேன். அதை வைத்துச் சிவப்புப் படலம் வெட்டினோம், செம்பில் அரித்தார்கள், ஏரியலின் கழுத்தில் பொருத்தும் உலோகப் பெட்டிக்குள் வைத்து அளந்தார்கள். இரண்டு கைகளுக்கும் சமமாக வரவில்லை. ஒரு கைக்கு எப்போதும் குறைவு.

முதலில் ஐப்பசி ஈரத்தின்மேல் பழி போட்டேன். சதுரம் வெட்டிப் பார்த்த கணக்கெல்லாம் திரும்பப் போட்டேன். அதில் தப்பில்லை. பிறகுதான் பெட்டியின் வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஏரியலின் கழுத்து குறுகல் என்பதால் அட்டையை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். ஒரு பட்டைக்கு அருகில் பெட்டியின் உலோகச் சுவர். மற்றப் பட்டைக்குப் பக்கத்தில் வெறும் இடம். சுவருக்கு அருகில் இருந்த பட்டை தன் பங்கில் கொஞ்சத்தைச் சுவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு பாதியும் ஒன்றல்ல. நான் பாதித் தாளில் தீட்டி, மறுபாதியும் அதேதான் என்று எழுதிவிட்டேன். நான் தீட்டியது சுவர் இல்லாத பாதி. அந்த வரைபடம் ஊருக்குப் போகும் முன்பே என் மேசையில் இருந்தது. தாளை மிச்சம் பிடிக்கிற அவசரத்தில் நான் அதைத் திறக்கவில்லை.

டாசன் கோபித்துக்கொள்ளவில்லை. "சுவாரசியமாக இருக்கிறது" என்றார். இங்கே அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. ஊரில் யாராவது நாலு வார்த்தை திட்டினால் அழுதுவிட்டு நிமிரலாம். இங்கே எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள். நான் மட்டும் குனிந்துகொண்டு இருந்தேன்.

முழுத் தாளில் சுவரோடு சேர்த்துத் தீட்டினேன். சுவர்ப் பக்கத்துப் பட்டையைக் கொஞ்சம் ஒல்லியாக்கினேன், இடைவெளியைத் திருத்தினேன். சில வாரங்களில் சரியாக வந்துவிட்டது. இதுதான் சொல்ல வேண்டிய இடம். அத்தோடு நான் ஊருக்குப் போயிருக்கலாம். ஆறு மாதம் அப்போதுதான் முடிந்திருந்தது. டாசன் அடுத்த பேலனைப் பற்றி மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய், "அதையும் நானே செய்கிறேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. என் தப்பை ஈடுகட்ட வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதுவும் சரியாக வந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று.

"முடிஞ்சுதா?" என்பார் இவர், சாப்பிடும்போது.

"இது ஒன்னு முடியட்டும்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

"நீங்கதானே உன் இஷ்டம்னு எழுதினீங்க."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். கம்பெனிக்காகப் பிள்ளையை விட்டுவிட்டு இருக்கிறாள் என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. கம்பெனி என்னிடம் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை.

6

மேற்சட்டை வந்த அடுத்த வாரம், திண்டிவனத்திலிருந்து என் அத்தை மகன் முருகேசன் மேற்படிப்புக்காக வந்து இறங்கினான். பெட்டியைத் திறந்து ஒரு டேப் சுருளை எடுத்துக் கொடுத்தான். விழுப்புரத்தில் மூத்தாருக்குத் தெரிந்த ரேடியோ ரிப்பேர் கடையில் எல்லோரும் போய்ப் பேசிப் பதிவு செய்ததாம். எங்கள் வீட்டில் கருவி கிடையாது. கம்பெனியில் ஒன்று இருந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு சுருளை மாட்டினேன். மார்கரெட் மட்டும் ஜன்னல் ஓரம் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம்.

கடைக்காரர் குரல் முதலில் வந்தது. "சுத்துது, பேசுங்க."

"சகுந்தலா, சௌக்கியமா?" என்றார் மூத்தார், மண்டியில் கூவுகிற குரலில். "இங்க எல்லாரும் சௌக்கியம். மல்லாட்டை இந்த வருஷம் பரவால்ல."

"மைக்க முழுங்கிடாதீங்க, தள்ளி நின்னு பேசுங்க" என்று அக்கா. பிறகு, "கயலு, நீ பேசு. சீமையில இருக்கற அம்மாகிட்ட பேசு."

"இன்னா பேசறது?"

"சாப்டீங்களான்னு கேளு."

"சாப்டீங்களா?"

"பனமலைக்குப் போனோமே, அத்தச் சொல்லு."

"பனமலைக்குப் போனோம். ஏரியில தண்ணி இருந்திச்சி. கோயிலாண்ட ஒரு கொரங்கு என் மல்லாட்டையப் புடுங்கிக்கினு ஓடிச்சி. அண்ணன் தொரத்திக்கினு போச்சி. கொரங்கு திரும்பி மொறைச்சிச்சி. அண்ணன் ஒரே ஓட்டமா ஓடி வந்திச்சி."

யாரோ ஒரு பையன், "பொய் சொல்றா, நான் ஒன்னும் ஓடல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். இப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை. ஒரு இங்கிலீஷ் வார்த்தை இல்லை. அந்தத் தெருவிலேயே பிறந்த பிள்ளை பேசுகிற மாதிரி பேசினாள்.

"ஒரு பாட்டு பாடு, அம்மா கேக்கட்டும்."

"மாட்டேன். எனக்குத் தூக்கம் வருது. ஊட்டுக்குப் போலாம்மா."

"நான் பெரிம்மாடா. அம்மா அங்க இருக்காங்க."

"அவங்கதான் சொல்லாமப் பூட்டாங்களே."

நாடா மட்டும் ஓடியது. கடைக்காரர், "ஜல்தி முடிங்கம்மா, ஆள் நிக்கறாங்க" என்றார். அத்தோடு முடிந்தது.

நான் கருவியை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தேன். சுருளின் நுனி சுழன்று அடித்துக்கொண்டே இருந்தது. மார்கரெட் எழுந்து வந்து பொத்தானை அழுத்தினாள்.

"உன் பெண்ணா? அழகான குரல். எதற்காக இதில் பதிவு செய்திருக்கிறாய்?"

சொன்னேன். எங்கே இருக்கிறாள், எப்போதிலிருந்து, எப்படி விட்டுவிட்டு வந்தேன் என்று எல்லாவற்றையும். மேற்சட்டைக்கு நான் காட்டியது பழைய அளவு என்பதையும் சொன்னேன். அவள் முகம் சிவந்தது. தன்னை ஏமாற்றியதற்காகக் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"யுத்தத்தின்போது என்னையும் அனுப்பினார்கள்" என்றாள். "குண்டு விழும் என்று நகரத்துப் பிள்ளைகளை ரயிலேற்றிக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு ஆறு வயது. யாரோ ஒரு பாதிரியாரின் மனைவி என்னை வளர்த்தாள்."

"திரும்பி வந்ததும் உன் அம்மாவிடம் சரியாகிவிட்டதா?"

"உடனே அம்மா என்று கூப்பிட்டேன்" என்றாள். ரொட்டி சுற்றியிருந்த காகிதத்தை மடித்தாள். "கூப்பிடுவது சுலபம்."

அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுச் சொன்னாள். "என் அம்மாவுக்கு வேறு வழியில்லை."

அவள் குத்திக் காட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள்.

7

அன்று மாலையே டாசனிடம் போனேன். புதிதாக ஒரு பேலன் வரப்போவதாக ஒரு மாதமாகப் பேச்சு. மெல்லிய அட்டை, அகலமான அலைவரிசை. இதுவரை யாரும் எங்கள் அறையில் செய்யாதது. அது எனக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"என் மகள் இந்தியாவில் இருக்கிறாள். அவளிடம் போக வேண்டும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் மகள் உன்னோடு இருக்கிறாள் என்று அல்லவா நினைத்திருந்தேன்? வீட்டையும் வேலையையும் நீ எப்படிச் சமாளிக்கிறாய் என்று என் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்."

தரையில் போட்டிருந்த சதுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் என் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க முடியும் என்றார். அதற்குமேல் மேலிடம் ஒப்பாது. புதிய பேலன் காத்திருக்காது, அதை மார்கரெட்டிடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

"எத்தனை நாளில் வருவாய்?"

"மூன்று மாதத்துக்குள்" என்றேன். சட்டென்று வந்துவிட்டது. நாக்குக்கு அந்த அளவு முன்பே தெரிந்திருந்தது போல.

மறுநாளிலிருந்து மார்கரெட்டுக்கு என் கணக்குகளை விளக்கிச் சொன்னேன். சுவர் வந்த கதையையும் சொன்னேன். அவள் முழுத் தாளை விரித்துத் தீட்ட ஆரம்பித்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் கை என் கையைவிட நிதானம். எனக்குப் பொறாமையாக இருந்தது. பிள்ளையிடம் போகிறவளுக்கு இப்படி ஒரு பொறாமை வரலாமா என்று கேட்டுக்கொண்டேன். வந்தது.

இவரிடம் சொன்னேன். மறுநாள் வேலைக்குப் போகாமல் கப்பல் கம்பெனிக்குப் போய் எனக்கு டிக்கெட் பதிவு செய்துகொண்டு வந்தார். திரும்பி வருவதற்கு எத்தனை டிக்கெட் என்று அங்கே கேட்டார்களாம். பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டாராம்.

மங்கை அக்காவுக்கு எழுதினேன். கயலைக் கூட்டிப் போக வருகிறேன் என்று எழுதத் தைரியம் வரவில்லை. பையன்களின் சட்டைகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பாவாடையைத் துவைத்து உலர்த்துகிற கையை நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் தலை வாரிவிட்டவள் அவள். எனக்கு இருக்கிற உரிமையை நானே விட்டுக்கொடுத்துவிட்டு, இப்போது எந்த முகத்தோடு போய்க் கேட்பது? "வருகிறேன்" என்று மட்டும் எழுதினேன்.

நேற்று பதில் வந்தது. அக்கா பேசுகிற மாதிரியே எழுதுவாள்.

"வா. உன் பொண்ணு, நீ வந்து பாத்துக்கறதுக்கு என்னைக் கேக்கணுமா? எனக்கு வருத்தம் இருக்காதுன்னு சொல்ல மாட்டேன். அது என் பாடு. அம்மா வர்றாங்கன்னு கயலுகிட்ட சொன்னேன். நம்ப மாட்டேங்குது. அதனால ஊட்டுக்கு விருந்தாளி வர்றாங்கன்னு மாத்திச் சொன்னேன். அதுக்கு ஒரே குஷி. மாடி அறையப் பெருக்கி, அண்ணன் பாயைப் புடுங்கிக்கினு போய் போட்டு வச்சிருக்குது. ஒன்னே ஒன்னுதான் தெனம் கேக்குது, அந்த விருந்தாளி எத்தினி நாளு இருப்பாங்கன்னு. நான் இன்னா சொல்லட்டும்?"

கப்பல் சனிக்கிழமை. விமானத் தபாலில் போட்டால் பதில் எனக்கு முன்னால் விழுப்புரம் போய்ச் சேர்ந்துவிடும். நீலத் தாளில் முகவரி எழுதியாயிற்று. டாசனிடம் சட்டென்று சொன்ன பதிலை அதில் எழுதப் போனேன். கை வரவில்லை. இந்தப் பக்கங்களை எழுதி முடித்துவிட்டேன். அந்தத் தாள் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.